ரசீது இல்லாத குத்தகை, கைக்கு வராத பட்டா: வாசகர் கேள்வி பதில்

நிலம், குத்தகை, கூலி பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு, வருவாய் நீதிமன்ற வழக்குகளிலும் விவசாயத் தொழிலாளர் பணியிலும் பழக்கமுள்ளவர்கள் இங்கே பதில் தருகிறார்கள். எழுதியவர்களில் பலர் வழக்கில் இருப்பவர்கள் என்பதால் பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பக்கத்தை மட்டும் போட்டிருக்கிறோம்.

அப்பா காலத்திலிருந்து மூன்றரை ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்குச் செய்கிறோம். அறுவடை முடிந்ததும் மூட்டைக் கணக்கில் நெல் அளந்துவிடுவோம். ரசீது வாங்கியதே இல்லை. மிராசுதார் காலமாகிவிட்டார். வெளியூரில் இருக்கும் மகன்கள் வந்து, "அடுத்த குறுவைக்கு வயலில் இறங்கக் கூடாது" என்கிறார்கள். கையில் எழுத்து எதுவும் இல்லாமல் என்ன செய்வது, ஐயா?
(வாசகர், திருவாரூர் மாவட்டம்)

எழுத்து இல்லாவிட்டாலும் குத்தகை உண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வாய்மொழிக் குத்தகையையும் ஏற்கிறது. அது கேட்பது, நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட்டு அந்த நிலத்தில் சாகுபடி செய்கிறீர்களா என்பதை. மேற்பார்வை மட்டும் பார்ப்பவரும், உள்குத்தகைக்கு விட்டுவிட்டு வித்தியாசத்தை வாங்குபவரும் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார்கள். தந்தை இறந்தபின் உரிமை பிள்ளைகளுக்கு வரும். அதுவும் உழைக்கிற பிள்ளைக்குத்தான்.

உங்களை வெளியேற்றச் சட்டம் வைத்திருக்கும் காரணங்கள் நான்கு. குத்தகை பாக்கி; நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தல்; விவசாயம் அல்லாத வேலைக்கு நிலத்தைப் பயன்படுத்துதல்; 'இது உன் நிலமே இல்லை' என்று உரிமையாளரை வேண்டுமென்றே மறுத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் வருவாய் நீதிமன்றத்தின் உத்தரவில்லாமல் உங்களை இறக்க முடியாது. மகன்கள் வாயால் சொன்னது உத்தரவாகாது.

இனி சாட்சியத்துக்கு வருவோம். டெல்டாவில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். உழுதவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் இன்னொருவர். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடும்போது, வேலை சுலபமாகட்டும் என்று உரிமையாளர் சிட்டாவைக் கொடுத்து அவர் பேரிலேயே போட்டுவிடுவார்கள். பயிர்க் காப்பீடும் அப்படியே. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த நிலத்தில் சாகுபடி செய்தவர் என்று ஊரில் இருக்கும் அத்தனைக் காகிதமும் உரிமையாளரையே காட்டும். ஆகவே முதல் வேலையாக வீட்டில் தேடுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பேரில் வாங்கிய பயிர்க்கடன், விதை, உர ரசீது, வி.ஏ.ஓ. கொடுத்த சாகுபடிச் சான்று, காப்பீட்டு இழப்பீடு வந்த வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல், பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) வாரியாக எத்தனை ஆண்டுக்குக் கிடைக்குமோ அத்தனைக்கும் நகல் கேளுங்கள். அதில் சாகுபடியாளர் பத்தியில் ஒரே ஒரு பசலியில் உங்கள் அப்பா பேர் இருந்தாலும் அது பெரிய விஷயம். பக்கத்து வயல்காரர்கள், உழவு டிராக்டர்காரர், நடவுக்கு வந்த பெண்கள் எல்லோரும் சாட்சிகள்.

கூடவே, 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாசில்தாரிடம் பதிவுக்கு மனு கொடுங்கள். புல எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, குத்தகை அளவு, எந்த ஆண்டிலிருந்து என்ற விவரங்கள் மனுவில் வேண்டும். உரிமையாளரை அழைத்து விசாரித்துத்தான் அவர் முடிவு சொல்வார். மறுத்தால் ஆர்.டி.ஓ.விடம் (கோட்டாட்சியர்) மேல்முறையீடு உண்டு. மனு கொடுத்ததற்குக் கையொப்பமும் முத்திரையும் உள்ள ஒப்புகையை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

மகன்கள் நெல்லை வாங்க மறுப்பார்கள். அது திட்டமிட்ட மறுப்பு. வாங்காமல் இரண்டு போகம் விட்டு, 'பாக்கி வைத்தான்' என்று மனு போடுவார்கள். எனவே குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதை வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடுங்கள். நெல்லாகக் கொடுக்கும் வழக்கமென்றால், கட்டும் நாளின் சந்தை விலையைக் கணக்கிட்டுப் பணமாகக் கட்டலாம். ஒருவேளை பாக்கி நின்றுபோயிருந்தாலும், நிலைமையைப் பார்த்து அதைக் கட்ட அவகாசம் கொடுக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு உண்டு. அந்த அவகாசத்தையும் தவறவிட்டால் காப்பாற்ற ஆளில்லை.

குத்தகை அளவும் பேசப்பட வேண்டிய ஒன்று. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் முதலில் நஞ்சைக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்தது. 1980-இல் திருத்தி 25 சதவீதமாக்கினார்கள். பல ஊர்களில் இன்றும் மாமூலாக அதைவிடக் கூடுதலாகவே அளக்கிறார்கள். கூடுதலாக அளப்பதைக் குறைக்கக் கேட்டு மனு செய்யலாம். ஆனால் அதைக் காரணம் காட்டி நீங்களாகவே அளப்பதை நிறுத்தக் கூடாது.

செய்யவே கூடாதது ஒன்று. 'நான் கூலிக்கு வேலை பார்த்தேன்', 'மனமொத்து ஒப்படைத்தேன்' என்று எழுதிய எந்தத் தாளிலும், எவ்வளவு தொகையானாலும், படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்தோ ரேகையோ வைக்காதீர்கள். அவர்கள் முன்சீப் கோர்ட்டில் உங்கள்மேல் உறுத்துக்கட்டளை (தடையாணை) வழக்குப் போட்டால் பயப்படவும் வேண்டாம். நீங்கள் பாதுகாப்புக்குரிய சாகுபடி குத்தகைதாரர் என்று அங்கே காட்டினால், அந்த வழக்கை வருவாய் நீதிமன்றத்துக்கு மாற்றச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பயந்துகொண்டு அந்தக் கோர்ட்டுக்கே போகாமல் இருந்து ஒருதலைத் தீர்ப்பு வாங்கியவர்கள்தான் நிறையப் பேர்.

நாங்கள் செய்வது கோயில் நிலம். குத்தகை அப்பா பேரில். அவர் இறந்தபின் பெயர் மாற்றிக் கேட்டால், "பாக்கியைக் கட்டு, பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள்.
(வாசகி, மயிலாடுதுறை பக்கம்)

கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களில் உழைத்துச் சாகுபடி செய்பவருக்கு 1961-ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளை விவசாய நிலங்கள் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வாரிசுச் சான்று, அப்பா பேரில் உள்ள கடைசி ரசீதுகள், நீங்கள் உழைப்பதற்கான அடங்கல் நகல், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவற்றோடு எழுத்தில் மனுச் செய்து, அதைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பாக்கித் தொகைக்கு ஆண்டுவாரிக் கணக்கு கேளுங்கள். மழையில் அழிந்த போகத்துக்கும் முழுக் குத்தகை ஏற்றியிருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது தபாலில் வரும் அறிவிப்பு. உங்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்று குறிப்பிட்டு அறநிலையத்துறைச் சட்டப்படி அறிவிப்பு வந்தால், குறித்த நாளுக்குள் 'நான் ஆக்கிரமிப்பாளர் அல்ல, குத்தகைதாரரின் வாரிசு' என்று பதில் போயாக வேண்டும். பதில் போகாவிட்டால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் குடியிருப்புக்கு மேற்கே உள்ள நிலம் பஞ்சமி நிலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது வேறு ஆட்கள் பேரில் பட்டா இருக்கிறது. ஒருவர் மனை பிரித்து விற்கவே தொடங்கிவிட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது?
(வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்)

உங்கள் மாவட்டத்திலிருந்துதான் இந்தக் கதையே தொடங்குகிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக, அவர்களுக்கு நிலம் ஒப்படைக்கும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் வருவாய்த்துறை ஆணை வந்தது. அப்படிக் கொடுத்த நிலம்தான் பஞ்சமி நிலம். ஒப்படை பெற்றவர் முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் மாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. மீறி நடந்த விற்பனை செல்லாது. வாங்கியவர் எத்தனை கைமாறி வாங்கினாலும் இந்தக் குறை தீராது.

பெரியவர்கள் சொன்னதை மனுவில் எழுதினால் அது கோப்பில் தூங்கும். புல எண் வேண்டும். இப்போதைய எண்ணை இணையத்திலேயே பார்த்துவிடலாம். அதற்குப் பழைய எண் எது என்று தெரிந்தாக வேண்டும். மறுஅளவையில் எண்கள் மாறியிருக்கும். ஒப்பீட்டுப் பட்டியல் தாலுகா அலுவலகத்தில் இருக்கும். அதன்பிறகு பார்க்க வேண்டியவை நிலவரித்திட்டப் பதிவேடும், நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேடும். எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்கிறார்களே, அந்தத் திட்டம்தான். 1980களில் கிராமக் கணக்கைப் புதுப்பித்தபோது 'யார் அனுபவத்தில் இருக்கிறார்' என்று பார்த்துப் பெயர் எழுதினார்கள். அடமானத்துக்குப் பிடித்து உழுதுகொண்டிருந்தவர் பேர் ஏறிவிட்டது. நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வராமலே போனது. ஆகவே புதிய பதிவேட்டில் தேடிவிட்டு 'பஞ்சமி என்று இல்லையே' என்று திரும்புவதில் பொருளில்லை. பழையதில் 'டி.சி.' (தாழ்த்தப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ, நிபந்தனைப் பட்டா என்றோ குறிப்பு இருக்கும்.

இவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டலாம். பொதுத் தகவல் அலுவலருக்கு முப்பது நாள் கெடு. 'எங்கள் ஊர் பஞ்சமி நில விவரம் தருக' என்று கேட்டால் 'அவ்வாறு தனிப் பதிவேடு இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும். 'இன்ன புல எண்ணுக்குரிய பழைய அ பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல்' என்று கேளுங்கள், பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். 'ஆவணம் கிடைக்கவில்லை' என்றால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தாலுகாவில் இல்லாதது ஆட்சியரகப் பதிவறையில் இருப்பதுண்டு. அங்கும் இல்லையென்றால் எழும்பூர் ஆவணக்காப்பகத்தைப் பாருங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் எடுக்க வேண்டும். இணையத்தில் பொதுவாக 1975-க்குப் பிந்தையவைதான் கிடைக்கும். முந்தையதற்கு மனுப்போட்டு கையால் தேடச் சொல்லுங்கள். ஒப்படை பெற்றவர் பேரிலிருந்து முதன்முதலாக வெளியே போன பத்திரம் எது, எந்தத் தேதி, வாங்கியவர் எந்தச் சமூகம் என்பதில்தான் வழக்கு நிற்கும். பத்தாண்டுக்குப் பின் இன்னொரு பட்டியல் சாதிக்காரருக்கு விற்றிருந்தால் அந்த விற்பனை செல்லும். அதை எதிர்த்துப் போய் ஊருக்குள் இரண்டு பட்டுப் போவது வீண்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. பட்டியல் சாதியினர் கையில் இருந்த நிலமெல்லாம் பஞ்சமி அல்ல. நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி, பூமிதானம், சாதாரண அரசு ஒப்படை ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு, முறையிடும் இடமும் வேறு. மூன்றையும் கலந்து எழுதிய மனுவை அதிகாரி சந்தோஷமாகத் தள்ளுபடி செய்வார்.

ஆவணம் கையில் வந்தபின் ஆட்சியருக்கு மனு: பட்டாவை ரத்து செய்து மீட்கவும், மனைப்பிரிவுப் பதிவுகளை நிறுத்தச் சார்பதிவாளருக்கு எழுதவும் கேளுங்கள். உழுதுகொண்டிருந்தவரை விரட்டியிருந்தால் அது வருவாய்த்துறை விஷயம் மட்டுமல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் 'எஃப்', 'ஜி' உட்பிரிவுகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு உரிய அல்லது ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பிடித்து உழுவதையும் அவர்களை வெளியேற்றுவதையும் குற்றமாக்குகின்றன. ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை. இந்த இரண்டு உட்பிரிவுகளுக்கும் ஒரு லட்சம் ரூபாய் நிவாரணமும், தேவைப்பட்டால் அரசு செலவில் நிலத்தை மீட்டுத் தருவதும் விதிகளில் இருக்கின்றன. வழக்குப் போடுபவர்கள் இந்த நிவாரணத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். 'பஞ்சமி' என்ற சொல் அதன்பிறகுதான் தமிழகம் முழுக்கத் தாலுகா அலுவலகங்களில் சத்தமாகக் கேட்டது.

கீழ்வெண்மணி அரைப்படி நெல்லுக்காக நடந்தது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். வெறும் கூலித் தகராறா அது?
(கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்)

கூலி உயர்வு கேட்டது உண்மை. ஆனால் நில உரிமையாளர்கள் பக்கம் கேட்டது வேறொன்று. செங்கொடியை இறக்கு, சங்கத்தை விட்டு விலகு, நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குள் வா என்பது அவர்கள் நிபந்தனை. கூலியை யார் நிர்ணயிப்பது என்பதுதான் தகராறு. 1940களில் பி. சீனிவாச ராவ் தஞ்சைப் பகுதிக்கு வந்து பண்ணையாட்களைச் சங்கமாக்கியபோது, முதலில் நிறுத்தியது சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டுவதையும். கூலிப் பேச்சு அதற்குப் பின்னால் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நில உரிமையாளர்களைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

பாடப்புத்தகம் விட்டுவிடும் பகுதி அதற்கு அடுத்த மூன்று ஆண்டுகள். அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், அதே ஆண்டில் குத்தகைப் பதிவுச் சட்டம், 1970-இல் உச்சவரம்பு பாதியாகக் குறைப்பு, 1971-இல் குடியிருப்புச் சட்டம். இந்தப் பக்கத்தில் மற்றவர்களுக்குச் சொல்லும் பதில்களில் பாதி அந்த மூன்றாண்டுச் சட்டங்கள்தான். நீதிமன்றம் கொடுக்காததை அரசு வேறு வழியில் ஓரளவு கொடுத்தது என்று இதைப் படிக்கலாம். கொந்தளிப்பு பரவாமல் அணைக்கக் கொடுத்தது என்றும் படிக்கலாம். இரண்டும் சரி என்பதே எங்கள் கருத்து.

ஒரு குடும்பத்துக்கு 15 ஏக்கர்தான் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரே குடும்பம் நூறு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிறதே, எப்படி?
(வாசகர், தஞ்சாவூர்)

15 என்பது சாதாரண ஏக்கர் அல்ல, தர ஏக்கர். ஏக்கருக்குப் பத்து முதல் பதினைந்து ரூபாய் தீர்வை (நிலவரி) உள்ள நஞ்சை ஒரு ஏக்கர் என்றால் அது ஒரு தர ஏக்கர். தீர்வை குறைந்த புஞ்சையில் பல ஏக்கர் சேர்ந்தால்தான் ஒன்றாகும். ஆகவே வறண்ட புஞ்சையில் ஐம்பது ஏக்கர் வைத்திருப்பவர் உச்சவரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். ஐந்து பேருக்கு மேற்பட்ட குடும்பமானால் ஆளுக்கு ஐந்து தர ஏக்கர் கூடும், மொத்தம் முப்பதைத் தாண்டக் கூடாது. பெண்களின் சீதன நிலத்துக்குப் பத்து தர ஏக்கர் வரை தனியே உண்டு.

ஓட்டைகள் சட்டம் பிறக்கும் முன்பே விழுந்துவிட்டன. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் தீர்மானம் உச்சவரம்பு வரப்போவதை நாடறியச் சொன்னது. தமிழகச் சட்டம் கணக்கில் எடுத்த தேதி 1960 ஏப்ரல் 6. இடையில் எத்தனைப் பாகப்பிரிவினைப் பத்திரம், எத்தனை அறக்கட்டளை என்பதைப் பழைய வில்லங்கச் சான்றுகள் சொல்லும். அறக்கட்டளைகளுக்கும் தேயிலை, காபித் தோட்டங்களுக்கும் விலக்கு இருந்தது. முதலில் 30 தர ஏக்கராக இருந்த வரம்பு, 1970 பிப்ரவரி 15 முதல் 15 ஆனது. அதற்குள் பிரிக்க வேண்டியதைப் பிரித்து முடித்திருந்தார்கள்.

உங்கள் ஊரில் உபரி என்று எடுக்கப்பட்டது எது என்பதை அரசிதழ் அறிவிக்கையில் பார்க்கலாம், சட்டத்தின் 18(1) பிரிவில் வந்திருக்கும். நிலச்சீர்திருத்த உதவி ஆணையர் அலுவலகத்தில் கோப்பு கிடைக்கும். உபரி நிலம் ஒப்படை பெற்றவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். ஆணைக் காகிதம் கையில் இருக்கும், நிலம் பழைய உரிமையாளர் அனுபவத்திலேயே இருக்கும். நில அளவர் வந்து அளந்து, கல் நட்டு, எப்.எம்.பி. எனும் புல வரைபடத்தில் உட்பிரிவு ஏறி, அடங்கலில் உங்கள் பேர் வந்தால்தான் அது உங்கள் நிலம். நிலமதிப்புத் தவணை கட்டிய செலான்களை லேமினேட் செய்து வையுங்கள். எலிக்கும் கரையானுக்கும் போன செலான்களால் பட்டா இழந்தவர்கள் உண்டு.

என் தங்கையும் மாப்பிள்ளையும் கரும்பு வெட்டப் போனார்கள். அறுபதாயிரம் முன்பணம். சீசன் முடிந்தும் 'கணக்கு தீரவில்லை' என்று விடவில்லை. ஆதாரையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். போலீஸுக்குப் போனால் "கடனை அடைத்துவிட்டுக் கூட்டிப் போ" என்கிறார்கள்.
(வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

அது கடன் விவகாரமே அல்ல, கொத்தடிமைக் குற்றம். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் ஒழிந்தது, அதைத் திருப்பிக் கேட்பதே குற்றம். மூன்றாண்டு வரை சிறை. வாங்கிய முன்பணம் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியது கொடுத்தவர்தான், உங்கள் தங்கை அல்ல. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனு போக வேண்டிய இடம், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குரிய கோட்டாட்சியரும் மாவட்ட ஆட்சியரும். மனுவில் இவை இருக்கட்டும்: எத்தனை பேர், அதில் எத்தனைக் குழந்தைகள், தோட்டம் இருக்கும் கிராமம், அடையாளம், யார், எப்போது, எவ்வளவு முன்பணம் கொடுத்தார், நாளுக்கு எத்தனை மணிநேர வேலை, டன்னுக்கு அல்லது வாரத்துக்கு என்ன கொடுத்தார்கள், வெளியே போக விடுகிறார்களா, அடித்தார்களா, மிரட்டினார்களா, என்னென்ன ஆவணம் பிடித்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் இருந்தால் 1098-க்கும் சொல்லுங்கள்.

மனு கொடுத்த செய்தி முதலாளிக்குக் கசிந்துவிட்டால் அன்றிரவே வண்டி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அதிகாரி போய்ப் பார்த்து 'யாரும் இல்லை' என்று எழுதுவார். எனவே ஊரில் பேசாதீர்கள், நேரடியாகக் கொடுங்கள், அன்றே விசாரணை கேளுங்கள். அடுத்த தடங்கல், முதலாளி நிற்கும்போதே 'உங்களை அடைத்து வைத்திருக்கிறார்களா?' என்று கேட்பது. இல்லை என்றுதான் சொல்வார்கள். தனியே அழைத்துப் போய், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாக்குமூலம் வாங்கக் கோரி மனுவிலேயே எழுதுங்கள். 'பூட்டு இல்லை, வேலி இல்லை, சந்தைக்குப் போய் வருகிறார்கள்' என்று சிலர் அறிக்கை எழுதுவதுண்டு. குழந்தையை விட்டுவிட்டுத் தாயை மட்டும் சந்தைக்கு அனுப்புவதும் கட்டிப்போடுவதுதான்.

வெளியே கொண்டுவந்த அன்றே விடுவிப்புச் சான்று கைக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'ஊருக்குப் போங்கள், தபாலில் அனுப்புகிறோம்' என்று அனுப்பப்பட்டவர்களுக்கு மறுவாழ்வு உதவி வருவது அபூர்வம். சான்று இருந்தால் உடனடி உதவியாக ஆளுக்கு முப்பதாயிரம் வரை கிடைக்கும். முழு உதவி ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டோருக்கு மூன்று லட்சம். முழுத்தொகை வழக்கு முடிவோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் வருஷக்கணக்கில் இழுக்கும். வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவுக்கு நினைவூட்டிக்கொண்டே இருங்கள். வழக்கறிஞர் செலவுக்குக் கவலை வேண்டாம். கொத்தடிமை மீட்கப்பட்டோர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் யாரானாலும் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி உண்டு. எண் 15100.

நடவுக்கு நாங்கள், வரப்பு வெட்ட ஆண்கள். அவர்களுக்குக் கொடுப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எங்களுக்கு. இதைக் கேட்க வழி இருக்கிறதா?
(வாசகி, மன்னார்குடி வட்டம்)

ஒரே வேலைக்கு, ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆண் பெண் என்று பிரித்துக் கூலி கொடுக்கக் கூடாது. 'நடவு இலகுவான வேலை' என்பதுதான் எப்போதும் சொல்லும் சாக்கு. குனிந்த முதுகை நிமிர்த்தாமல் நாள் முழுக்கச் சேற்றில் நிற்பதை இலகு என்று சொல்பவர் நட்டுப் பார்த்ததில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் குறைவாகக் கொடுத்த கூலியை மூன்றாண்டுக்குள் கேட்கலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதம்தான். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம், கூலி கொடுத்ததை நிரூபிக்க வேண்டியது வேலை கொடுத்தவர். நோட்டு ஒன்று போட்டு, தேதி, யார் வயல், என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு கூலி என்று அன்றன்றைக்கு எழுதுங்கள். தனியாளாகப் போனால் அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஒரு நடவுக் கோஷ்டி முழுக்கக் கையெழுத்திட்டால் நடவுக் காலத்தில் யாராலும் ஒதுக்க முடியாது.

நிலம் வாங்கினால் என் பேரில் பதியலாமா, வீட்டுக்காரர் பேரிலா?
(வாசகி, வேதாரண்யம்)

உங்கள் பேரில், அல்லது கூட்டாக. 1981-இல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தொடங்கிய லாஃப்டி இயக்கம் கீழத்தஞ்சையில் நிலமற்ற குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலத்தைப் பெண்கள் பேரிலேயே பதிந்தது. சாராயக் கடைக் கடனுக்கு அடமானம் போகாமல் இருக்க அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

மிராசுதார் திடலில் தாத்தா காலத்திலிருந்து குடிசை போட்டுக் குடியிருக்கிறோம். "இடம் விற்றுவிட்டேன், காலி செய்" என்கிறார்.
(வாசகர், கீழ்வேளூர் வட்டம்)

1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் சொல்வது இது: 1971 ஜூன் 19 அன்று அப்படி ஒரு மனையில் குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனை சொந்தம். அதற்குப் பின் வந்த திருத்தங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் விற்ற பத்திரத்தால் அந்த உரிமை அழியாது. சிக்கல், உரிமை இருந்தும் பட்டா வாங்காமல் விட்டதுதான். தாத்தாவுக்குத் தெரியவில்லை, அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

தாசில்தாரிடம் மனுக் கொடுங்கள். அந்தத் தேதியில் தாத்தா அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அக்காலத்து வாக்காளர் பட்டியல் நகல், அப்பாவின் பள்ளிப் பதிவேட்டில் உள்ள முகவரி, வீட்டில் நடந்த பிறப்பு, இறப்புப் பதிவுகள், பஞ்சாயத்து வீட்டுவரி ரசீது எல்லாம் உதவும். மின் இணைப்பு பெரும்பாலும் பிற்காலத்தது, அதை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் இடம் எந்த வகை என்று பாருங்கள். கிராம நத்தமாக (ஊர்க் குடியிருப்புக்கென விடப்பட்ட இடம்) இருந்தால் வழி வேறு, இன்னும் சுலபம். பட்டா நிலமாக இருந்தால்தான் இந்தச் சட்டம். கோயில் இடமென்றால் இரண்டும் இல்லை.

கூரையைப் பிரிக்க ஆள் வந்தால் போட்டோ எடுங்கள், 100-க்கு அழையுங்கள், நீங்கள் பட்டியல் சாதியினரானால் மேலே சொன்ன வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) 'ஜி' பிரிவைப் புகாரில் எழுதுங்கள். எதிரே இருக்கும் திடலில் ஒரு வாரம் தங்கிவிட்டுத் திரும்பலாம் என்று மட்டும் குடிசையை விட்டு இறங்காதீர்கள். மனு நிலுவையில் இருக்கும்வரை அங்கேயே இருங்கள். அடுத்த ஜமாபந்தியில் (ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) அதே மனுவின் நகலை ஒப்புகையோடு சேர்த்து மறுபடி கொடுங்கள்.